இரண்டு மாங்கூழ் ஆலைகள், இப்போது ஒரே கம்பெனி: எதை முதலில் சேர்ப்பது?

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலையில் வேலை பார்ப்பவர்களுக்கு வருடம் என்பது மூன்று மாதம்தான். மே கடைசியில் பெங்களூரா மாங்காய் வரத் தொடங்கினால் ஜூலை, மிஞ்சிப்போனால் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை பாய்லர் அணையாது. மற்ற மாதங்களில் விற்பது, இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது, வங்கிக்கு வட்டி கட்டுவது. அதனால் எங்கள் கம்பெனி இப்போது எடுக்க வேண்டிய முடிவுக்கும் ஒரு கெடு இருக்கிறது. அடுத்த சீசனின் முதல் லோடு கேட்டுக்குள் நுழைவதற்கு முன் எடுத்தாக வேண்டும்.

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு பழைய ஆலை. அங்கே டின் அடைப்பதுதான் பெரிய வேலை, ஓரமாக, கூழைப் பெரிய டிரம்களில் நிரப்புகிற ஒரு சின்ன டிரம் லைனும் உண்டு. பர்கூர் பக்கம் ஒரு புதிய ஆலை. அங்கே முழுக்க டிரம். இரண்டையும் இரண்டு குடும்பங்கள் தனித்தனியாக நடத்தி வந்தார்கள். போன சீசனுக்கு முன் கம்பெனி இணைப்புகளுக்கு அனுமதி தருகிற தீர்ப்பாயத்தின் உத்தரவு வந்து, இரண்டும் சட்டப்படி ஒரே கம்பெனி ஆகிவிட்டன. நான் பழைய ஆலையின் லேபில் 19 வருடம் இருந்தவள். இப்போது இரண்டு ஆலைகளின் தரமும் என் பொறுப்பு. கீழே எழுதுவது அந்த இடத்தில் நின்று பார்த்ததை வைத்துத்தான்.

ஏன் சேர்ந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் எந்த வழி நல்லது என்று பேச முடியாது. இந்திய மாங்கூழ் ஏற்றுமதிக்கு இரண்டு கேந்திரங்கள்: ஆந்திராவில் சித்தூர், தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரி. இங்கிருந்து கூழ் சவூதிக்கும் ஏமனுக்கும் நெதர்லாந்துக்கும் போகிறது. அங்கே இருக்கிற பெரிய ஜூஸ் கம்பெனிக்கு வருடம் முழுக்கத் தவறாமல் கன்டெய்னர் அனுப்பக்கூடிய ஒருவர் வேண்டும். சின்ன ஆலையால் அது முடியாது. அதனால் இடைத்தரகர் வழியாகத்தான் விற்க வேண்டியிருந்தது. அதிலும் கொடுமை, ஒரே வெளிநாட்டுக்காரருக்கு எங்கள் இரண்டு ஆலைகளும் மாறி மாறி விலையைக் குறைத்துக்கொண்டே போனது. 2023 கடைசியில் செங்கடல் பிரச்சினை வந்து, ஐரோப்பா போகிற கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கியபோது இருவருக்கும் ஒரே அடி. 2025-ல் பெங்களூரா விலை விழுந்து, ஆந்திர அரசு கிலோவுக்கு 4 ரூபாய் மானியம் கொடுத்தது. கர்நாடக மாங்காய் சித்தூருக்குள் வரக்கூடாது என்று தடை போட்டார்கள். நம் பக்கத்து விவசாயிகள் பழத்தை மரத்திலேயே விட்டார்கள். தனித்தனியாக நின்றால் தாக்குப்பிடிக்க முடியாது என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் புரிந்தது.

சரி, சேர்ந்தாயிற்று. இனி எப்படி ஒன்றாவது? மூன்று வழிகள் பேச்சில் இருக்கின்றன.

முதல் வழி: எல்லாவற்றையும் பர்கூர் ஆலைக்குக் கொண்டுபோவது. காவேரிப்பட்டணத்தை மூடிவிட்டு, டின் அடைக்கும் இயந்திரங்களையும் பர்கூரிலேயே பொருத்திவிடலாம். ஒரே பாய்லர், ஒரே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, ஒரே தணிக்கை, ஒரே பெயர்ப்பலகை. கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இந்த வழி மிகவும் பிடிக்கும். அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. மூன்று மாதம் மட்டும் ஓடுகிற இரண்டு பாய்லர்களை வருடம் முழுக்கப் பராமரிப்பது வீண்தான்.

ஆனால் நம் தொழிலில் அனுமதி என்பது கட்டடத்தோடு ஒட்டிக்கொண்டது. உணவுப் பாதுகாப்பு உரிமம் இடத்துக்குத்தான் தருகிறார்கள். அமெரிக்காவுக்கு அனுப்பினால் அவர்களுடைய உணவு, மருந்துத் துறையான எஃப்டிஏவின் பதிவும் ஒவ்வொரு ஆலைக்கும் தனி. வாங்குகிறவரும் ஆலையை நேரில் வந்து பார்த்து, அந்த ஆலையைத்தான் ஒப்புக்கொள்கிறார். வளைகுடாவுக்குப் போகிற 3.1 கிலோ டின் காவேரிப்பட்டணத்தில் அடைத்தது என்று பழகிய வாடிக்கையாளரிடம், ‘இனி வேறு இடத்திலிருந்து வரும்’ என்றால் அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். அந்த ஒரு சீசன் டின் விற்பனை கேள்விக்குறி.

கணக்கில் வராத இன்னொன்றும் இருக்கிறது. பழைய ஆலையில் பழுக்கப் போடும் கூடத்தில் ஒரு அக்கா இருக்கிறார். காலையில் உள்ளே போனதும் விளக்கைக் கூடப் போடமாட்டார். முதலில் வாசனை. அப்புறம் நடு அடுக்கிலிருந்து ஒரு கிரேட்டை இழுத்து, நாலு பழத்தைக் காம்புப் பக்கம் கட்டைவிரலால் அழுத்துவார். ‘இது நாளைக்கு மதியம், அந்தச் சுவரோரம் இருக்கறது இன்னிக்கு ராத்திரியே ஓட்டணும்’ என்பார். பழுக்கவைக்கக் கார்பைடு கல் போடத் தடை. அதற்கு விடுகிற எத்திலீன் வாயுவும் 100 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் நூறு பங்கு வரைதான். மீட்டரும் சுவரில் மாட்டியிருக்கிறோம். ஆனால் எந்த அடுக்கை எப்போது எடுப்பது என்பது அவர் சொன்னால்தான் சரியாக இருக்கும். ஆலையை மூடினால் அவர் பர்கூர் வரமாட்டார். ஊரில் மாடு இருக்கிறது, மருமகள் வேலைக்குப் போகிறாள், பேரப்பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். இப்படி இருபது முப்பது பேர்.

வெளியுலகிலும் அவசரமாக ஒன்றாக்கிப் பார்த்த கதை உண்டு. 1998-ல் ஜெர்மனியின் டைம்லரும் அமெரிக்காவின் கிரைஸ்லரும் சமமானவர்களின் இணைப்பு என்று அறிவித்துச் சேர்ந்தன. 2007-ல் கிரைஸ்லரை விற்றுப் பிரிந்தார்கள். அவ்வளவு பணமும் ஆளும் இருந்தவர்களுக்கே ஒன்பது வருடத்தில் ஒட்டவில்லை. நமக்குக் கிடைப்பது ஒரு சீசன்.

இரண்டாவது வழி: எதையும் தொடாமல் விடுவது. ஆலைகள் அவரவர் பழக்கப்படி ஓடட்டும், ஏற்றுமதிக்கு மட்டும் ஒரே அலுவலகம், ஒரே விலைப்பட்டியல். இதற்கு ஆதரவாக எல்லோரும் சொல்கிற உதாரணம் டாடா. 2008-ல் 230 கோடி டாலர் கொடுத்து ஜாகுவார் லேண்ட் ரோவரை வாங்கினார்கள், அங்கே இருந்தவர்களையே நடத்தவிட்டார்கள், அது தழைத்தது. உண்மைதான். ஆனால் அவர்கள் வாங்கியது தாங்கள் செய்யாத பொருளை, தங்களிடம் வராத வாடிக்கையாளரோடு. நாங்கள் இருவரும் செய்வது ஒரே கூழ். விற்பதும் ஒரே ஆளுக்கு.

போன சீசனில் இந்த இரண்டாவது வழியில்தான் போனோம். முடிவு செய்து போகவில்லை, யாரும் முடிவு செய்யாததால் அப்படி நடந்தது. ஐரோப்பாவுக்கு ஒரு ஆர்டர் வந்தது. 20 அடி கன்டெய்னரில் 80 டிரம் போகும். டிரம்முக்கு 215 கிலோ என்றால் மொத்தம் 17,200 கிலோ. ஒரு ஆலையில் அன்றைக்கு அவ்வளவு ஸ்டாக் தயாராக இல்லை. சரி, பாதிக்குப் பாதி ஏற்றிவிடலாம் என்று ஏற்றினோம். இரண்டு பக்க லேப் அறிக்கையிலும் பிரிக்ஸ், அதாவது இனிப்பின் அளவு, 14-க்கு மேல்தான், அமிலமும் சரி. நானும் கையெழுத்துப் போட்டேன்.

ஆறு வாரம் கழித்துப் புகார் வந்தது. கூழ் கெட்டது என்று அவர்கள் சொல்லவில்லை. ஒரே கன்டெய்னரில் இரண்டு கூழ் இருக்கிறது என்றார்கள். ஜூஸ் கம்பெனிக்காரர் நாலைந்து டிரம்மில் மாதிரி எடுத்து, அந்த இனிப்பை வைத்துத்தான் எவ்வளவு தண்ணீர் சேர்ப்பது என்று முடிவு செய்வார். டிரம்முக்கு டிரம் மாறினால் அவருடைய பாட்டில் ஒவ்வொன்றும் ஒரு ருசி. விலையில் கழித்துக்கொண்டார்கள், அது போகட்டும். அடுத்த ஆர்டருக்குப் பதில் வராமல் போனதுதான் வலித்தது.

காரணத்தைத் தேட ஒரு வாரம் ஆனது. பழைய ஆலை லேபில் நாங்கள் வைத்திருந்தது, இந்த இனிப்பை அளக்கக் கையில் பிடித்துப் பார்க்கிற ரிஃப்ராக்டோமீட்டர். பிரிக்ஸ் என்பது 20 டிகிரி வெப்பத்தில் பார்க்க வேண்டிய அளவு. கூழும் கண்ணாடியும் 30 டிகிரியில் இருந்தால் ஏறக்குறைய முக்கால் பிரிக்ஸ் குறைத்துக் காட்டும், அதைத் திருத்திச் சேர்த்து எழுத வேண்டும். ஜூன் மாதத்து ஆலைச் சூட்டில், ஷிப்டு மாறுகிற அவசரத்தில், எங்கள் பிள்ளைகள் பார்த்ததை அப்படியே எழுதியிருக்கிறார்கள். பர்கூரில் டிஜிட்டல் கருவி, அதுவே திருத்திக்கொள்ளும். ஆகவே எங்கள் 14 உண்மையில் 15-ஐ நெருங்கிய கூழ், அவர்களுடைய 14 சுத்தமான 14. இத்தனை வருடமாக வாங்கிய காசுக்கு மேல் இனிப்பாகக் கொடுத்துக்கொண்டிருந்தது தெரிந்தபோது எனக்குப் பெருமையாக இல்லை, பதறியது.

அடுத்தது சல்லடை. கொட்டையும் தோலும் நீக்கி, ஃபினிஷரில் கடைசியாக வடிக்கிற சல்லடையின் கண் அங்கே 0.5 மில்லிமீட்டர், இங்கே 0.8. இதனால் கெட்டித்தன்மை மாறும். பாஸ்ட்விக் என்று ஒரு சாய்வில்லாத தட்டு வைத்திருப்போம். ஒரு முனையில் கூழை நிரப்பி, தடுப்பைச் சடாரென்று தூக்கி, 30 வினாடியில் எத்தனை சென்டிமீட்டர் ஓடுகிறது என்று பார்ப்போம். இரண்டு ஆலைக் கூழையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்த்த அன்றைக்குப் பேச்சே எழவில்லை. ஒன்று தட்டின் பாதியைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்க, இன்னொன்று தயங்கித் தயங்கி நின்றது. அது வரை இரண்டு பக்கத்துச் சூப்பர்வைசர்களும் அவரவர் கூழ்தான் ஒழுங்கு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் தட்டுக்கு முன்னால் இரண்டு பேரும் குனிந்து நின்று பார்த்தார்கள். இணைப்பு என்று உத்தரவு வந்து எட்டு மாதம் கழித்து, இரண்டு ஆலை ஆட்கள் ஒன்றாக நின்று ஒரே பொருளைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இதனால்தான் நான் மூன்றாவது வழியைச் சொல்கிறேன். ஆலைகள் இரண்டும் இருக்கட்டும். பெயர்ப்பலகையையும் இப்போது தொட வேண்டாம். கேட்டையும் லேபையும் மட்டும் உடனே ஒன்றாக்குவோம். பழம் உள்ளே வருகிற இடம், கூழ் வெளியே போகிற இடம். நடுவில் இருப்பதை இரண்டு மூன்று சீசனில் மெதுவாகப் பார்க்கலாம்.

இதற்கு நம்மிடம் முன்மாதிரி இருக்கிறது. 1973-ல் குஜராத்தில் மாவட்டப் பால் சங்கங்கள் சேர்ந்து விற்பனைக்கு ஒரு கூட்டமைப்பு அமைத்தன. ஒவ்வொரு சங்கத்துக்கும் சொந்தப் பால் பண்ணை, சொந்த நிர்வாகம். வெளியே போகும்போது அமுல் என்ற ஒரே பெயர், ஒரே தரம். நம் ஆவினும் மாவட்ட ஒன்றியங்களும் மாநில இணையமுமாக அப்படித்தான் அமைந்திருக்கிறது. கிராமத்துச் சொசைட்டியில் பால் ஊற்றுகிற அம்மாவுக்குக் கொழுப்பு எவ்வளவு என்று அங்கேயே அளந்து சொல்கிறார்கள். வாசலில் ஒரே அளவு இருந்ததால்தான் கடையில் ஒரே பால் கிடைக்கிறது. பக்கத்தில் ஓசூரிலும் பார்க்கலாம். டிவிஎஸ்ஸும் பிஎம்டபிள்யூவும் 2013-ல் கைகோத்தன, கம்பெனிகள் இணையவே இல்லை. ஆனால் ஓசூர் ஆலையில் செய்த 310 சிசி வண்டி பிஎம்டபிள்யூ பெயரோடு உலகச் சந்தைக்குப் போனது. அளவும் சோதனையும் ஒன்றாக இருந்ததால் அது நடந்தது.

மூன்றாவது வழியில் வேலைப் பங்கீடு இப்படி இருக்கும். டின் முழுக்கக் காவேரிப்பட்டணம். பெங்களூரா டிரம் முழுக்கப் பர்கூர். பழைய ஆலையின் சின்ன டிரம் லைன் சும்மா கிடக்கும் என்பார்கள். அல்போன்சாவும் செந்தூராவும் சின்னச் சின்ன லாட்டாகத்தான் வரும், பெரிய லைனில் ஓட்டினால் கழுவி மாற்றவே பாதி நாள் போகும். அதற்குச் சின்ன லைன் தோது. ஒரு கன்டெய்னரில் ஒரே ஆலையின் டிரம் மட்டும் என்பது விதி. விதியை மீற வேண்டிய நாள் வந்தால் வாங்குகிறவரிடம் முன்னாலேயே சொல்லி, எந்த டிரம் எங்கிருந்து வந்தது என்று பட்டியல் கொடுப்போம்.

ஒவ்வொரு தொகுதிக்கும் போடுகிற லாட் எண்ணும் இரண்டு ஆலைக்கும் ஒரே முறையில் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் தனியாக அளவு குறிப்பிடாத பூச்சிக்கொல்லி எதுவானாலும் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் எல்லை. ஒரு டிரம்மில் மீறினால், அது எந்த நாள் எந்தத் தோட்டத்துப் பழம் என்று அன்றைக்கே சொல்ல வேண்டும். அதே தோட்டக்காரர் இன்னொரு ஆலைக்கும் பாதி லோடு போட்டிருப்பார். இரண்டு நோட்டு இரண்டு எழுத்தில் இருந்தால் மற்ற பாதியைப் பிடிக்கவே முடியாது.

இனி கேட். இங்கேதான் எனக்குக் கவலை அதிகம். விலை எப்படியும் கலெக்டர் முன்னிலையில் விவசாயிகளும் ஆலைக்காரர்களும் உட்காருகிற முத்தரப்புக் கூட்டத்தில் பேசப்படுகிறது. ஆனால் பழத்தின் எடையில் கழிவு என்று எவ்வளவு பிடிப்பது என்பது ஒவ்வொரு கேட்டின் வழக்கம். போன ஜூனில் போச்சம்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் டிராக்டரில் பழம் கொண்டுவந்தார். முந்தின நாள் பர்கூரில் போட்டிருக்கிறார். இங்கே எடை போட்டதும் சீட்டைப் பார்த்துவிட்டு லேபுக்கே வந்துவிட்டார். ‘ஏம்மா, ஒரே கம்பெனி ஆயிட்டோம்னு சொல்றீங்க. அங்க நூறு கிலோவுக்கு மூணு கிலோ பிடிச்சாங்க, இங்க அஞ்சு பிடிக்கறீங்க. என் மரம் ரெண்டு விதமா காய்க்குதா?’ என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எங்கள் கேட்டில் ஐந்து பிடிப்பது நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே நடக்கிறது. ஏன் ஐந்து என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அடுத்த நாளிலிருந்து அவருடைய ஊர் டிராக்டர்கள் எல்லாம் பர்கூருக்குத் திரும்பின. அங்கே இரவு முழுக்க வரிசை நின்று பழம் வெந்தது, இங்கே லைன் பாதி வேகத்தில் ஓடியது. உலகச் சந்தை, போட்டி என்று எவ்வளவு பேசினாலும், இரண்டு கிலோ கழிவு வித்தியாசம் எங்கள் உற்பத்தியை ஒரு வாரம் ஆட்டி வைத்துவிட்டது.

மூன்றாவது வழி மலிவானது என்று யாரும் நினைக்க வேண்டாம். கழிவை மூன்றாக்கினால் அந்த இரண்டு கிலோ எங்கள் கணக்கில் ஏறும். போனஸும் அப்படித்தான். சட்டப்படி 8.33 சதவீதத்திலிருந்து 20 வரை கொடுக்கலாம். இரண்டு ஆலைகளும் ஒரே அளவு கொடுத்ததில்லை. ஒரே கம்பெனி என்றால் குறைவாக வாங்குகிறவர்களை மேலே கொண்டுவர வேண்டும், அதிகம் வாங்குகிறவர்களைக் கீழே இறக்க முடியாது. இரண்டு பாய்லர் செலவும் தொடரும். முதல் வழியை ஆதரிப்பவர்கள் இந்தக் கணக்கை எடுத்துக் காட்டினால் என்னால் மறுக்க முடியாது. நான் சொல்வது, அந்தச் செலவு நமக்குத் தெரிந்த செலவு. ஒரு சீசன் டின் வாடிக்கையாளர்களை இழந்தால் அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

வெளியிலிருந்து ஒரு நிர்வாகியைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் அவரிடம் விட்டுவிடலாம் என்றும் ஒருவர் சொன்னார். வரட்டும், நல்லதுதான். ஆனால் அவரும் வந்ததும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெயரைப் பற்றி இரண்டு வீட்டிலும் மனத்தாங்கல் இருக்கிறது. யார் பெயர் முதலில் என்பது. டின்னில் பழைய லேபிளே இருக்கட்டும் என்பது என் எண்ணம். வளைகுடாக் கடையில் எங்கள் டின்னை எடுப்பவர் மேலே இருக்கிற படத்தைப் பார்த்துத்தான் எடுக்கிறார். டிரம்மில் புதுப் பெயர் போடலாம். டிரம் வாங்குகிறவர் பெயரை விட அதோடு வருகிற லேப் அறிக்கையைத்தான் படிக்கிறார்.

ஒன்று நடந்தால் நான் மனதை மாற்றிக்கொள்வேன். வளைகுடாவிலும் டின் குறைந்து டிரம்முக்கு மாறிக்கொண்டே போனால், இரண்டு சீசன் பார்த்துவிட்டு முதல் வழிக்கே போகலாம். அதற்குள் பர்கூர் லைனைக் காவேரிப்பட்டணத்து ஆட்கள் பழகியிருப்பார்கள். மூடுவதும் அப்போது இவ்வளவு வலிக்காது.

இப்போதைக்கு லேப் வரை இரண்டு வீட்டாரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். எங்கள் லேபுக்கும் டிஜிட்டல் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கியாயிற்று. ஒரு டிரம் பழைய கூழைத் திறந்து, இரண்டு ஆலை லேப் பிள்ளைகளையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, ஆளுக்குப் பத்துத் தடவை அளக்கச் சொல்லப்போகிறோம். இரண்டு பேர் எழுதுகிற எண்ணும் ஒத்துப்போகிற வரைக்கும் அளப்பார்கள். பர்கூர் மாதிரியே 0.5 சல்லடைக்குச் சொல்லியாயிற்று. கழிவு மட்டும் இன்னும் முடியவில்லை. முத்தரப்புக் கூட்டத்துக்கு நம் ஆட்கள் கிளம்புவதற்கு முன் அதை ஒரே எண்ணாக எழுதி, இரண்டு கேட்டிலும் எடைமேடைக்குப் பக்கத்தில் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பலகையாக மாட்டிவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.